பின்சீட் இல்லாத வண்டி

செங்கோட்டையன் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்று, அவர் மனைவி பழனாத்தாள் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்கதவு எங்கே என்று கேட்டாள். பின்கதவு கிடையாது என்றார். பின்சீட்டாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அதுவும் இல்லை. சிவப்பு நிறத்தில், அவள் இடுப்பு உயரத்துக்குத் தரையோடு படுத்துக்கிடந்த அந்த வண்டியில் மொத்தமே இரண்டு பேர்தான் உட்காரலாம். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகாவிட்டால் யாரை மடியில் போட்டுக்கொண்டு போவது என்று கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

செங்கோட்டையனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கிணத்துக்கடவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்து மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். கோயமுத்தூரில் ஒரு பங்களாவுக்குப் போர்வெல் மோட்டார் பார்க்கப் போனபோது, கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் அந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் கிடந்தது. வீட்டுக்காரர்கள் ஃபிளாட்டுக்குக் குடிபோவதால் யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார்கள். வேறு பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பியதும் இரண்டாவது முயற்சியிலேயே இன்ஜின் உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு அவரால் சும்மா திரும்பி வர முடியவில்லை. ஒரு ஜோடி காங்கேயம் காளை விலைக்கு வண்டி கைக்கு வந்தது.

இன்ஜினில் குறையில்லை. உள்ளேதான் நாசம். பத்து வருஷமாக அங்கே எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. சீட்டின் பஞ்சு பாதி இல்லை. டேஷ்போர்டு வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கூரைத்துணி தொங்கியது, அதைத் தொட்டால் உள்ளே இருந்த ஸ்பாஞ்சு சோளமாவு மாதிரி தலையில் உதிர்ந்தது. கோயமுத்தூரில் ஒரு கடையில் விசாரித்தார். உள்வேலைக்கு மட்டும் வண்டி வாங்கிய விலையைவிட ஒன்றரை மடங்கு சொன்னார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் கம்பி கம்பியாகச் சுற்றி மறுபடியும் ஓடவைக்கிற தன்னால் நாலு கெஜம் துணியை ஒட்ட முடியாதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வண்டிக்குள்ளேயே கிடந்தார்.

முதலில் வெளிச்ச வேலை. ஒயரிங் அவருக்குக் கைவந்தது என்பதால் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு நீல விளக்குப் பட்டையை ஒட்டினார். என்ன கோளாறோ, பிரேக் மிதித்தால் மட்டும் அது எரிந்தது. டேஷ்போர்டு வெடிப்புகளில் எம்சீல் பசையைப் பிசைந்து அடைத்துத் தேய்த்தார். சீட்டுக்குப் பழைய மெத்தையை அறுத்து வைத்து, மேலே பளபளவென்று கறுப்பு ரெக்சின் போட்டு இழுத்துக் கட்டினார். கூரையைச் சுரண்டி, ஹார்டுவேர் கடையில் கொடுத்த ஏதோ ஒரு பசையைத் தடவிச் சாம்பல் நிறத் துணியை ஒட்டினார். எல்லாம் முடிந்ததும் தூரத்தில் நின்று பார்த்தால் நன்றாகவே இருந்தது.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே இருந்தது செங்கோட்டையனின் அக்கா தெய்வாத்தாளும் அவள் வீட்டுக்காரர் வெங்கடபதியும். வெங்கடபதி கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அதற்கேற்ற வயிறு, ஓயாத பேச்சு. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் இருந்ததே தவிரப் பிரிவு இல்லை. ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் பழனாத்தாள் வீட்டில்தான். செங்கோட்டையனுக்கு எட்டுப் பேர் போகிற ஒரு வேன் இருந்தது. கல்யாணமோ கருமாதியோ கோயிலோ, அந்த வேன் கிளம்பினால் வெங்கடபதி முன்சீட்டில் இருப்பார். தெய்வாத்தாளும் பழனாத்தாளும் பின்னால். மீதி இடத்துக்கு வழியில் யாராவது ஏறிக்கொள்வார்கள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் புருஷனுக்குப் பக்கத்து சீட்டில் பழனாத்தாள் உட்கார்ந்ததே இல்லை. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

வைகாசியில் தாராபுரத்தில் ஒரு கல்யாணம் வந்தது. வேன் பிரேக் வேலைக்காக ஷெட்டில் நின்றது. புது வண்டியைக் காட்டிக்கொள்ள இதுதான் சமயம் என்று செங்கோட்டையன் சிவப்பு வண்டியை எடுத்தார். வெங்கடபதி வழக்கம்போல வெள்ளை வேட்டி சட்டையில், கையில் பையோடு வந்து நின்றார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். இந்தப் பக்கம் வந்தும் பார்த்தார். பிறகு தாங்கள் இருவரும் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லி, தெய்வாத்தாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பழனாத்தாளுக்குச் சங்கடமாக இருந்தது. பொள்ளாச்சி வருகிறவரை அவள் வாயே திறக்கவில்லை.

உடுமலை தாண்டியதும் சாலை நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பேசுவதற்கு வெங்கடபதி இல்லாததால் வண்டிக்குள் இன்ஜின் சத்தம் மட்டும்தான் இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று செங்கோட்டையன், கல்யாண வீட்டில் கொள்ளுப்பருப்பு போடுவார்களோ என்னவோ என்றார். போடாமலிருந்தால் நல்லது என்று பழனாத்தாள் சொன்னாள். தனக்கு அது சிறு வயதிலிருந்தே ஆகாது என்றாள். செங்கோட்டையன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அப்பறம் என்னத்துக்கு அம்மணி வாரத்துக்கு ரெண்டு தடவ ஆக்கறே?"

"உங்களுக்குப் புடிக்கும்னுதானுங்க."

"எனக்கு எங்க புடிக்குது? நீ ஆசையா ஆக்கறயேன்னு திங்கறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்குத்தான் அது பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்ததில், ஒவ்வொரு முறையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவது வெங்கடபதிதான் என்பது தெரிந்தது. பழனாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் குலுங்கிச் சிரித்த அந்த நேரம் பார்த்து, வெயிலில் இளகிப்போயிருந்த பசை விட்டுக் கூரைத்துணி முழுசாக இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. செங்கோட்டையன் கண் தெரியாமல் பிரேக்கை மிதித்தார். நீல விளக்கு எரிந்தது. வழுக்கும் ரெக்சினில் பழனாத்தாள் சறுக்கிக்கொண்டு போய்ப் பாதி சீட்டுக்குக் கீழே கிடந்தாள்.

நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார்கள். பட்டுச்சேலையெல்லாம் பசை, மல்லிகைச் சரத்திலும் பசை. திட்டு விழப்போகிறது என்று செங்கோட்டையன் காத்துக்கொண்டிருந்தார். அவளோ சிரித்து முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளையும் கொண்டையிலிருந்த ஊசிகளையும் எடுத்துக் கூரைத்துணியை அங்கங்கே குத்தி நிறுத்தினாள். மீதி வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டானதும், பொழுதோடு கிளம்பலாம் என்று அவரை அவசரப்படுத்தியது அவள்தான்.

மறுநாள் காலையில் அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் இறங்கினாள். சீட்டின் ரெக்சினைக் கிழித்துப் போட்டாள். செங்கோட்டையன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இருக்கிறது, பக்கத்தில் உட்காருகிறவள் எதைப் பிடித்துக்கொள்வது, அந்த சீட்டில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள். அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்று முதல் ஸ்பேனர் பிடிக்கும் வேலை மட்டும் அவருக்கு, யோசனையெல்லாம் அவளுடையது.

உக்கடத்தில் பைக் சீட்டுக்கு உறை தைக்கும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவள் ரம்லா, முப்பத்தைந்து வயதிருக்கும். பழனாத்தாள் அவளிடம் போய்ச் சீட்டையே கழற்றிக் காட்டினாள். நான் தைத்தால் கூலி ஆகும், அளவு வெட்டித் தருகிறேன், அக்காவே தைத்துக்கொள்ளட்டும் என்று ரம்லா சொல்லிவிட்டாள். உட்காரும் இடத்துக்குக் கெட்டியான பருத்தித் துணியும் ஓரங்களுக்கு மட்டும் ரெக்சினும் வைக்கச் சொன்னாள். ரெக்சினை அப்படியே இழுத்தால் சுருக்கம் விழும், தலைமுடி காயவைக்கும் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே இழுக்க வேண்டும் என்று ஒரு துண்டை வைத்துச் செய்தும் காட்டினாள். கூரைக்கு எந்தப் பசை என்று கேட்டதற்கு, வெயிலுக்கு இளகாத ஸ்பிரே பசையை எழுதிக் கொடுத்து, போன தடவை என்ன பசை போட்டீர்கள் என்று விசாரித்தாள். பழனாத்தாள் நடந்ததைச் சொன்னாள். அன்று அந்தக் கடையில் அரைமணி நேரம் வேலை நடக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் வேலை நடந்தது. வண்டியின் தரைக்கு அடியில் இருந்து சத்தமும் சூடும் வந்தன. அதற்கு, பக்கத்து நார்க் கம்பெனியில் மெத்தைக்கென்று செய்து மிச்சமாய்ப் போன ரப்பர் கலந்த தென்னைநார்ப் பட்டைகளை வாங்கி வந்து அடியில் பரப்பினார்கள். மேலே பவானி ஜமக்காளம் ஒன்றை வெட்டி, ஓரம் அடித்துப் போட்டாள். சிவப்பும் பச்சையுமான கோடுகள் வண்டிக்குப் பொருந்தாது என்று செங்கோட்டையன் நினைத்தார். போட்ட பிறகு பார்த்தால் அதற்கென்றே நெய்தது போல இருந்தது. டேஷ்போர்டுக்கு டிரையர் பிடித்து ரெக்சின் இழுத்தார்கள். கியர் குமிழுக்கு வாகை மரத்துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கினார். பிரேக்கோடு சேர்ந்துகொண்ட விளக்கின் ஒயரையும் ஒருவழியாகக் கண்டுபிடித்துப் பிரித்தார். அவள் தைத்த சீட்டில் உட்கார்ந்தபோது, இத்தனை நாள் இந்த வண்டியில் எதற்கு இவ்வளவு முதுகுவலி பட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் போய்வரத் தொடங்கினார்கள். ஆனைமலைவரை ஒரு நாள். இன்னொரு நாள் பாலக்காட்டுக்குப் போய் மீன் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். எங்கே போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. கேட்டால் சும்மா ஒரு நடை என்றார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடபதி ஒரு பலகையோடு வந்து நின்றார். சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு இருந்த மேடையை அவர் எப்போதோ அளந்து வைத்திருக்கிறார். மர மில்லில் ப்ளைவுட் வெட்டி, ஸ்பாஞ்சு வைத்து, பழனாத்தாள் போட்டிருந்த அதே நிறத்தில் துணி தேடி வாங்கி, ஆணி வெளியே தெரியாமல் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பொருத்திவிட்டால் அவரும் தெய்வாத்தாளும் கொஞ்சம் ஒருக்களித்து உட்கார்ந்து வந்துவிடலாம். தானே நாலு நாள் உட்கார்ந்து செய்ததாகச் சந்தோஷமாகச் சொன்னார். செங்கோட்டையனுக்கு மாமாவிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. திருப்புளி எடுத்துவரக் கிளம்பினார்.

"அண்ணா, அந்தப் பலகை வேண்டாமுங்க" என்றாள் பழனாத்தாள்.

பலகை தாங்காது என்று நினைக்கிறாளோ என்று வெங்கடபதி அதைத் தரையில் போட்டு ஏறி நின்று காட்டினார்.

"அதுக்கில்லீங்கண்ணா. வேன்ல எப்பவும் போல எல்லாரும் ஒட்டுக்காப் போலாமுங்க. இந்த ஒரு வண்டியாச்சு நானும் இவரும் மட்டும் போற மாதிரி இருக்கட்டுமுங்க."

வெங்கடபதி பலகையிலிருந்து இறங்கினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சரி அம்மணி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்து யாரும் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து யாரும் சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்த பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, அவ்வளவுதான். செங்கோட்டையனுக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் ஃபைன் போடும் என்று ஏதாவது சொல்லியிருக்கலாமே என்றார்.

"அப்படிச் சொன்னா அவரு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போயிக் கேட்டுட்டு வந்துருவாருங்க" என்றாள் பழனாத்தாள். ஆனால் அவளும் சரியாகத் தூங்கவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அந்த மனிதர் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. பிரசவத்துக்கு நடுச்சாமத்தில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். கேட்டது தப்பில்லை, கேட்ட விதம்தான் தப்பா என்று புரட்டிப் புரட்டி யோசித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தெய்வாத்தாள் தனியாக வந்தாள். முழங்கால் வலி உள்ளவள். வாசற்படியைப் பிடித்து மெதுவாக ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். பழனாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தாள். தெய்வாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள். மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ சொன்னதுக்குப் பொறவு எண்ணிப் பாத்தேன் கண்ணு. கண்ணாலமாகி முப்பத்தெட்டு வருசம். நானும் உங்க அண்ணனும் மட்டும்னு வண்டியில போனது ஆஸ்பத்திரிக்குத்தான். அதும் ரெண்டே தடவ."

பழனாத்தாள் கீழே இருந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வெள்ளிக்கெழம அந்த வண்டியக் குடுப்பயா? அவரே ஓட்டுவாரு."

"குடுக்கறனுங்க நங்கையா" என்றாள் நாத்தனாரிடம் பழனாத்தாள். தெய்வாத்தாளின் காலடியில் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டாள்.

ஆனால் வெங்கடபதி அந்த வண்டியில் எப்படி நுழைவது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தார்கள். தலை கூரையில் இடித்தது, வயிறு ஸ்டீயரிங்கில் இடித்தது. செங்கோட்டையன் சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புக் கட்டைகளைக் கழற்றி எடுத்தார். சீட் இரண்டு விரற்கடை இறங்கியது. பழனாத்தாள் பஞ்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய நார்ப்பட்டையை வைத்துத் தைத்தாள். இன்னும் கொஞ்சம் இறங்கியது. சீட்டைப் பின்னால் தள்ள முடியாதபடி ஒரு போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. வெங்கடபதியே தரையில் மல்லாந்து படுத்து, எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் மல்லுக்கட்டி அதைக் கழற்றினார். எழுந்தபோது சட்டையெல்லாம் கிரீஸ். அதற்குள் அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. போல்ட்டுகளைப் பற்றி, சங்கத்தில் தான் பார்த்த துருப்பிடித்த பீரோவைப் பற்றி, துருவுக்கு மண்ணெண்ணெய் நல்லதா தேங்காயெண்ணெய் நல்லதா என்பதைப் பற்றி இருட்டுகிறவரை பேசினார். அன்று ராத்திரி இங்கேயே சாப்பிட்டார்.

தெய்வாத்தாளின் முழங்காலுக்குத்தான் அதிக நேரம் யோசித்தார்கள். அவ்வளவு தாழ்வான வண்டியில் காலை மடக்கி உள்ளே வைக்க அவளால் முடியாது. கடையில் கிடந்த உடைந்த சுழல் நாற்காலி ஒன்றின் அடித்தட்டைச் செங்கோட்டையன் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டு வட்டப் பலகைகளுக்கு நடுவே அதை வைத்து முடுக்கி, மேலே பஞ்சும் துணியும் போட்டு, சீட்டின் மேல் நகராமல் கட்டினார்கள். வெளியே காலை வைத்தபடி உட்கார்ந்து, அப்படியே திரும்பினால் கால்கள் தாமாக உள்ளே வந்தன. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள, கதவுக்கு மேலே பெல்ட் நாடாவில் ஒரு பிடியும் தைத்து மாட்டினாள் பழனாத்தாள். தெய்வாத்தாள் நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாள். ஐந்தாம் தடவை, தேவையே இல்லாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். தெய்வாத்தாள் அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தாள். வெங்கடபதி முதல் கியரில் வண்டியை இரண்டு முறை அணைத்துவிட்டு மூன்றாம் முறை கேட்டைத் தாண்டினார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மணியாயிற்று, வரவில்லை. செங்கோட்டையன் போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு தேடிப் போகலாமா என்று கேட்டார். எங்கே என்று தேடுவது என்று பழனாத்தாள் கேட்டாள். ஐந்து மணிக்குச் செங்கோட்டையன் சட்டையை மாட்டிக்கொண்டு கேட் பக்கம் போய் நின்றார். அவளும் பக்கத்தில் போய் நின்றாள்.

ஆறரை மணிக்கு வண்டி வந்தது. தெய்வாத்தாள் கதவைத் திறந்து, திரும்பி, காலை வெளியே வைத்து, பிடியைப் பற்றி யார் கையும் படாமல் எழுந்து நின்றாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. எங்கே போனீர்கள் என்று செங்கோட்டையன் கேட்டதற்குச் சும்மா போனோம் என்றாள். இத்தனை நேரமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போனாள். நடையில் ஒரு துள்ளல் இருந்ததாகப் பழனாத்தாளுக்குத் தோன்றியது.

வெங்கடபதி சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். வண்டி எப்படி ஓடியது, எங்கே சாப்பிட்டார்கள் என்று அவராகவே ஒரு மணி நேரம் சொல்வார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் எதையும் சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அடுத்த வெள்ளிக்கெழம வண்டிக்கு வேல ஏதாச்சு இருக்குதா அம்மணி?"

"வெள்ளிக்கெழம நாங்க போறமுங்கண்ணா. வேணும்னா வியாழக்கெழம எடுத்துக்கங்க."

வெங்கடபதி சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, வியாழக்கிழமைக்கு நேரே தன் பெயரை எழுதிக்கொண்டார்.